இழுத்துப் பார்த்தல்

போலுங்கர்வீக் துறைமுகக் கடையில்
ஓர்னோல்புர் மூன்று பெட்டிகளை
என் பக்கம் தள்ளிவைக்கிறார்.

முதல் பெட்டியில் திருகுத் தொப்பிகள்.
வீட்டுக்குப் போதும் என்கிறார்,
வீடு ஆடாது.
இரண்டாவதில் சிவப்பும் நீலமுமாய்
வெறும் பிளாஸ்டிக் குழல்கள்.
நூறு வாங்கினால் இருபது இலவசம்.
மூன்றாவதிலும் அதே குழல்கள்தான்,
ஆனால் உள்ளே பசை;
சூடு காட்டினால் சுருங்கிக்
கம்பியைக் கவ்விக்கொள்ளும்.
ஒன்றின் விலைக்கு அரைக் கோப்பை காபி குடிக்கலாம்.

நான் வாய் திறக்கவில்லை.
என் சட்டைப்பையில் ஒரு துண்டுக் கம்பி,
போன ஜூலையினுடையது.

அன்று காட் மீன் படகுக்கடியில்
சுவர்போல் நின்றிருந்தது.
நான்கு தூண்டில் எந்திரங்களில்
மூன்றாவது மட்டும்
ஓடும், நிற்கும், ஓடும்.
அலை இடப்பக்கம் சாய்த்தால் உயிர்,
வலப்பக்கம் சாய்த்தால் பிணம்.
பதினான்கு மணி நேரம்தான் அனுமதி.
அதில் மூன்றை
தளமூடிக்குக் கீழே தலைகீழாய்த் தொங்கிக் கழித்தேன்.
பல்லிடுக்கில் டார்ச்.
மேலே வாட்ஸ்வாஃப் போலிஷ் மொழியில் திட்டிக்கொண்டிருந்தான்,
மீனையா என்னையா தெரியவில்லை.

கடைசியில் அகப்பட்டது
ஒரு நீலக் குழல்.
பார்வைக்குப் புதுக்கருக்கு அழியவில்லை.
இழுத்ததும் கையோடு வந்தது.
உள்ளே செம்பைக் காணோம்,
பச்சை மாவு.
திரியில் எண்ணெய் ஏறுவதுபோல
உறைக்குள்ளேயே ஒரு சாண் தூரம்
ஏறிப்போயிருந்தது உப்பு.

போட்டவள் நான்தான்.
இருபது இலவசம் என்றதும் பல்லிளித்தவளும்.

“மூன்றாவது பெட்டி. முப்பது.”
“ஐம்பதாக எடு, ஸ்டெய்ன்வோர்.
பாதியைக் கெடுப்பாய்.”
கெடுப்பேன். எடுத்தேன்.
கூடவே வெள்ளீயம் பூசிய கம்பி இருபது மீட்டர்,
ஒழுங்கான ஒரு இடுக்கி.
இந்த இடுக்கி, முழுக்க அழுத்தும்வரை
கையை விடாது.
பாதி மனதோடு எதையும் செய்ய முடியாத கருவி,
எனக்கு அப்படி ஒன்று தேவை.

ஏப்ரல் முழுக்கக் கொட்டகையில்.
உறையைச் சீவு, ஓர் இழையும் அறுபடாமல்.
செருகு. அழுத்து. இழு.
மரியாதையாக அல்ல,
வட்டியை உயர்த்திய வங்கிக்காரனின்
டையைப் பிடித்து இழுப்பதுபோல் இழு.
வராவிட்டால் மட்டும் சூடு காட்டு.
ஓரத்தில் பசை பிதுங்கினால் அடைபட்டது என்று பொருள்.
விரல் சுட்டால் அவசரப்பட்டாய் என்று பொருள்.

பதினேழாவது நாள்
எதிரொலிமானியின் பின்னால்
எனக்கு முன்பிருந்த உரிமையாளரின் கைவேலை ஒன்று:
ஈயப்பற்று, அதன்மேல் கறுப்பு நாடா,
அதன்மேல் தார்.
படகில் ஈயப்பற்று ஆகாது;
அதிர்ந்து அதிர்ந்து ஓரத்தில் ஒடியும்
என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன்.
கத்தியை வைத்தேன்.

உள்ளே செம்பு
அன்று பிறந்த கன்றின் மூக்குபோல்
மினுங்கியது.

வாட்ஸ்வாஃப் எட்டிப் பார்த்தான்.
எதுவும் சொல்லாமல்
தேநீர் போடப் போனான்.
தேநீர் நேரமில்லை அது.

கம்பி இப்போது எட்டவில்லை.
ஓர் இணைப்பு இருந்த இடத்தில்
ஒட்டுத்துண்டு வைத்து இரண்டு போடவேண்டும்.
கெடக்கூடிய இடம் ஒன்று,
நானாக உண்டாக்கியது,
கூடுதலாய்.

போட்டேன்.
வெட்டியெடுத்த முடிச்சை
மறுபக்கப் பையில் வைத்தேன்,
பச்சைத் துண்டோடு சேராமல்.

இரண்டையும் இழுத்துப் பார்த்தேன்.
வாட்ஸ்வாஃப் கொட்டகைக் கதவைச்
சாத்திக்கொண்டு போனபிறகு
இன்னொரு முறை.